யமஹா ஒய்ஆர்எஸ்-24பி ரெக்கார்டர்: குழந்தைகளின் இசை வகுப்புக்கு வாங்கலாமா?

எட்டு வயதுக் குழந்தையை இசை வகுப்பில் சேர்த்து, மூன்றே மாதத்தில் "இனிமே போகமாட்டேன்" என்று அது அடம்பிடித்தால் குறை பெரும்பாலும் குழந்தையிடம் இல்லை. பாட்டு என்று சொல்லும்படி எதையும் வாசித்துக் காட்ட முடியாமலேயே அந்த மூன்று மாதமும் ஓடியிருக்கும். வயலினில் வில் நேராகப் போகவே நாளாகும். மூங்கில் புல்லாங்குழலில் உதடு அமைந்து நாதம் வருவதற்கே சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். ரெக்கார்டர் என்ற ஊதுகுழலில் இந்தக் காத்திருப்பு கிடையாது. குழலை நேராகப் பிடித்து, முனையை உதட்டில் வைத்து மெல்ல ஊதினாலே சுரம் வந்துவிடும். தலைப்பகுதிக்குள் இருக்கும் குறுகிய காற்றுப்பாதை மூச்சைச் சரியான கோணத்தில் கொண்டுபோய், மேலே தெரியும் சன்னலின் கூர்விளிம்பில் மோதவைக்கிறது. மூங்கில் குழலில் உதடு செய்யவேண்டிய வேலையை இங்கே பிளாஸ்டிக்கே செய்துவிடுகிறது.

ஜப்பானில் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கையில் சொப்ரானோ எனப்படும் சிறிய, உச்சக் குரல் ரெக்கார்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். யமஹா, ஆலோஸ் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் பிளாஸ்டிக் குழல்கள் இந்த விலையில் இவ்வளவு சுருதி சுத்தமாக இருப்பதற்கு, அங்கே ஒவ்வொரு மாணவனுக்கும் ஒன்று தேவைப்படுவதும் ஒரு காரணம். இந்த விமர்சனம் யமஹாவின் ஒய்ஆர்எஸ்-24பி மாடலைப் பற்றியது. கூடவே அதன் சகோதர மாடலான ஒய்ஆர்எஸ்-23 பற்றியும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் அதுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கும்

தந்த நிறத்தில், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த குழல். நீளம் சுமார் 33 செ.மீ. தலை, நடுப்பகுதி, அடிப்பகுதி என மூன்று துண்டுகள். கூடவே ஒரு பை, துடைக்கும் குச்சி, இணைப்புகளில் தடவும் சிறு கிரீம் டப்பா, விரல் வைக்கும் முறையைக் காட்டும் அட்டை. விலை கடைக்குக் கடை மாறினாலும் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மூன்று துண்டாக இருப்பது வெறும் வசதிக்காக மட்டும் அல்ல. அடிப்பகுதி தனியாகச் சுழலும் என்பதால், சின்னக் கைக்கு ஏற்றபடி கடைசித் துளையைச் சற்று வலப்பக்கம் திருப்பி வைக்கலாம். வலது சுண்டுவிரல் அப்போதுதான் எட்டும். ஒரே துண்டாக வார்த்த மலிவுக் குழல்களில் இதற்கு வழியே இல்லை. அதே போல, தலைப்பகுதியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் சுருதி சற்று இறங்கும். கீபோர்டோடும் தம்பூரா செயலியோடும் சேர்ந்து வாசிக்கும்போது இது கட்டாயம் தேவைப்படும்.

துண்டுகளைப் பூட்டும்போதும் கழற்றும்போதும் திருகித்தான் செய்யவேண்டும். பிள்ளைகள் நேராக இழுப்பார்கள். அப்படிச் செய்தால் நாளடைவில் இணைப்பு தளர்ந்து காற்று கசியும். கிரீம் அரிசிமணி அளவு போதும். அதிகம் தடவினால் குழல் கையிலேயே சுழன்றுகொண்டிருக்கும்.

23-ஆ, 24பி-யா?

கடையில் "ஒரு ரெக்கார்டர் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் எதை எடுத்துத் தருவார்கள் என்று சொல்ல முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 23 ஜெர்மன் விரல்முறைக்கானது, 24பி பரோக் விரல்முறைக்கானது. பெட்டியில் எழுதியதை நம்பாமல் குழலையே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். முன்பக்கம் மேலிருந்து எண்ணி நான்காவது, ஐந்தாவது துளைகளைப் பாருங்கள். ஐந்தாவது துளை நான்காவதைவிடச் சிறியதாக இருந்தால் ஜெர்மன். பெரியதாக இருந்தால் பரோக்.

ஜெர்மன் முறை 1920-களில் பீட்டர் ஹார்லன் என்ற ஜெர்மானியக் கருவி தயாரிப்பாளரால் பரவியது. மேற்கத்திய இசையில் எஃப் எனப்படும் ஒரே ஒரு சுரத்தை எளிதாக்குவதற்காக வந்த மாற்றம் அது. பரோக் குழலில் எஃப் வாசிக்க இடது கையின் துளைகள் எல்லாவற்றையும் மூடி, வலது ஆள்காட்டி, மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றையும் வைத்து, நடுவிரலை மட்டும் தூக்கவேண்டும். ஜெர்மன் குழலில் வலது ஆள்காட்டி விரல் ஒன்றே போதும். கேட்கும்போது ஜெர்மன்தான் சிறுவர்களுக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு சலுகைக்குக் கொடுக்கும் விலை பெரிது. எஃப்-க்கு அரைச்சுரம் மேலே இருக்கும் எஃப் ஷார்ப்புக்கு விரலமைப்பு சிக்கலாகி, சுருதியும் சுத்தமாக நிற்பதில்லை. மேல்ஸ்தாயியிலும் சில சுரங்கள் விலகும். பரோக் குழலில் அதே எஃப் ஷார்ப் வலது நடுவிரல், மோதிரவிரல் இரண்டில் கச்சிதமாக வந்துவிடும்.

நம் ஊர்க் குழந்தைக்கு இது எப்படி முக்கியம் என்பது, ஷட்ஜத்தை, அதாவது "ச"-வை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதற்கு வருவோம். முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: 24பி வாங்குங்கள். பள்ளியில் ஏற்கெனவே எல்லோரும் 23 வைத்து வகுப்பு நடக்கிறது என்றால் மட்டும், ஆசிரியரைக் கேட்டு அதையே வாங்குங்கள். ஒரே வகுப்பில் இரண்டு விரல்முறை கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். நிறம் பிடித்த குழந்தைக்கு யமஹாவின் ஒய்ஆர்எஸ்-20 வரிசையில் நீலம், இளஞ்சிவப்பு, பச்சை எனக் கண்ணாடி போன்ற குழல்கள் உண்டு. அதிலும் ஜெர்மன், பரோக் இரண்டும் வருகின்றன. குறியீட்டைப் பார்த்து வாங்கவேண்டும்.

பாடம் இனிப்பது எங்கே?

நல்ல குழல் வாங்கியும் பாதிக் குழந்தைகள் கைவிடுவதற்குக் காரணம், முதல் நாளே எல்லாத் துளைகளையும் மூடி "ச" என்று அடிமட்ட சி-யில் தொடங்குவது. ரெக்கார்டரிலேயே கடினமான சுரம் அதுதான். ஏழு விரலும் கட்டைவிரலும் ஒன்றுகூடக் கசியாமல் மூடியிருக்க வேண்டும். மூச்சு மிக மெலிதாக இருக்கவேண்டும். எட்டு வயது விரலுக்கு இது பெரிய கோரிக்கை. விளைவு கீச்சென்ற சத்தம், அடுத்த வீட்டுக்காரரின் முகச்சுளிப்பு, மூலையில் கிடக்கும் குழல்.

கர்நாடக சங்கீத வழியில் தொடங்க நினைப்பவர்கள் செய்யும் இன்னொன்று, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை அப்படியே இதில் ஏற்றுவது. சி-யை ஷட்ஜமாக வைத்தால் சுத்த ரிஷபத்துக்கு அடியில் இருக்கும் இரட்டைத் துளையில் ஒன்றை மட்டும் மூடவேண்டும். பெரியவர்களுக்கே விரல் வழுக்கும். குரலுக்கும் வீணைக்கும் அருமையாகப் பொருந்தும் பாடத்திட்டத்தை இந்தக் குழல்மேல் திணிப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

ஷட்ஜத்தை ஜி-யில், அதாவது 5 கட்டையில் வையுங்கள். ராகம் மோகனம். ச ரி க என்பது ஜி ஏ பி. மூன்றும் இடது கையிலேயே முடிந்துவிடும். காந்தாரத்துக்கு (க) கட்டைவிரலும் ஆள்காட்டியும். ரிஷபத்துக்கு (ரி) நடுவிரல் கூடச் சேரும். ஷட்ஜத்துக்கு மோதிரவிரல் சேரும். கீழே மந்திர தைவதமும் பஞ்சமமும் (இ, டி) வலது கையின் இரண்டு, மூன்று விரல்களில் வரும். மேலே மத்ய பஞ்சமத்துக்கு இடது நடுவிரல் ஒன்று மட்டும். கட்டைவிரலைக்கூட எடுத்துவிட வேண்டும். இந்த ஆறு சுரத்திலும் எஃப்-ம் இல்லை, அடிமட்ட சி-யும் இல்லை. குழலின் இரண்டு தொல்லைகளும் தானாகவே விலகி நிற்கின்றன. 5 கட்டை பல குழந்தைகளின் குரலுக்கும் ஒத்துவரும் சுருதி. தம்பூரா செயலியில் ஜி வைத்துவிட்டு, முதலில் பாடவைத்து, உடனே அதையே வாசிக்கவைக்கலாம்.

ஐந்து சுர ராகத்தில் தொடங்குவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப், குனில்ட் கேட்மன் இருவரும் சிறுவர்களுக்காக வகுத்த இசைக் கல்வி முறையும் ஐந்து சுர வரிசையில்தான் தொடங்குகிறது. அதில் ரெக்கார்டருக்கும் இடம் உண்டு. அரைச்சுர இடைவெளி இல்லாததால் நான்கு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் ஊதினாலும் காதை உறுத்தாது. பிள்ளை தானாக எதையோ இட்டுக்கட்டி வாசித்தாலும் அது இசையாகவே கேட்கும். "தப்பு, திரும்ப வாசி" என்ற சொல்லுக்கு வகுப்பில் வேலை குறைந்துபோகும்.

முதல் நாலைந்து வகுப்புகள்

முதல் வகுப்பில் முழுக் குழலையும் கொடுக்காதீர்கள். தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் கொடுங்கள். அடிவாயைத் திறந்து ஊதினால் உச்ச ஒலி. உள்ளங்கையால் மூடி ஊதினால் மந்தமான கீழ் ஒலி. ஆள்காட்டி விரலை அடிவாய்க்குள் விட்டு மெல்ல வெளியே இழுத்தால் ஆம்புலன்ஸ் போல ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும். இதை வைத்தே இருபது நிமிடம் விளையாடலாம். ஆசிரியர் திறப்பு–மூடல் வரிசை ஒன்றை ஊத, பிள்ளைகள் திருப்பி ஊதவேண்டும். விரலைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாததால் முழுக்கவனமும் மூச்சில் இருக்கும். அந்த வகுப்பில் பழகவேண்டியதும் மூச்சு மட்டும்தான்.

மூச்சு எவ்வளவு என்பதற்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அதன்மேல் ஊதும் ஆவி மூச்சு சரியான அளவு. பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைக்கும் மூச்சில் ஊதினால் சுரம் எகிறி மேல்ஸ்தாயிக்குத் தாவிவிடும். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் "து" என்று தொடங்கவேண்டும். நாகஸ்வரத்தில் துத்துகாரம் என்பார்களே, அதன் குழந்தைப் பாடம் இது. நாக்கைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு சுரத்துக்கும் "ஹு ஹு" என்று நெஞ்சிலிருந்து ஊதும் பழக்கம் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டால் பிறகு மாற்றுவது கடினம். சோதிப்பது எளிது: குழலில்லாமல் உள்ளங்கையை வாய்முன் வைத்து "து து து து" என்று சொல்லச் சொல்லுங்கள். சிறு சிறு காற்றுப் பொட்டுகளாகக் கையில் பட்டால் சரி.

இரண்டாம் வகுப்பில் முழுக் குழல், ஆனால் ஒரே சுரம்: காந்தாரம். இடது கைதான் மேலே. இடதுகைப் பழக்கமுள்ள குழந்தைக்கும் அப்படியே; அவர்களுக்கென்று தனிக் குழல் தேவையில்லை. வலது கட்டைவிரல் குழலுக்கு அடியில், நான்காம் ஐந்தாம் துளைகளுக்கு நேர் பின்னால் தாங்கவேண்டும். அந்த இடத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் விரல் தானே இடம் கண்டுகொள்ளும். இல்லாவிட்டால் வலது கை குழலின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டு தொங்கும். மூன்று வாரம் கழித்து வலது கைச் சுரங்கள் வரும்போது அது பெரிய தடையாகிவிடும்.

ஒரே சுரத்தில் ஒரு வகுப்பு முழுக்கவா என்று தோன்றலாம். தாளம் வந்துவிட்டால் ஒரு சுரம் தாராளம். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. முதலில் வாயால் சொல்லி, பிறகு கைதட்டி, பிறகு அதே சொல்லைக் காந்தாரத்தில் ஊதவேண்டும். ஒரு பிள்ளை ஏதோ ஒரு சொற்கட்டை ஊத, மற்றவர்கள் அது எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கவேண்டும். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு அட்சரத்தை விழுங்கி வாசித்து, எங்கே விழுங்கினார் என்று கேட்கலாம். ஆசிரியரின் தவறைக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளுக்கு இருக்கும் உற்சாகம் வேறு எதிலும் வராது.

மூன்றாம் வகுப்பில் ரிஷபமும் ஷட்ஜமும். க ரி ச என்று இறங்கு வரிசையில் கற்றுக்கொடுங்கள். விரல்கள் ஒவ்வொன்றாகக் கூடும் வரிசை அது. கூட்டுவது எளிது, ஏறும்போது எடுப்பது அடுத்தபடி. இந்த மூன்று சுரத்திலேயே "கரிச கரிச, சச ரிரி கரிச" என்று கேள்வி–பதிலாக ஒரு சின்ன மெட்டு அமைத்துக் கொடுத்தால், அன்று மாலை குழந்தை வீட்டில் பாட்டிக்கு வாசித்துக் காட்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

அடுத்து வரும் பஞ்சமத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சுரவரிசைப்படி காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகச் சொன்னால் குழந்தை தடுமாறும். காந்தாரத்துக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டியும் கீழே இருக்கின்றன. பஞ்சமத்துக்கு அவை இரண்டும் மேலே போக, அதே நொடியில் நடுவிரல் கீழே வரவேண்டும். மூன்று விரல் எதிரெதிராக நகர்வதால் இடையில் ஒரு திருட்டுச் சுரம் எட்டிப்பார்க்கும். அதற்குப் பதில் ரிஷபத்திலிருந்து பஞ்சமம் போகச் சொல்லுங்கள். நடுவிரல் ஏற்கெனவே இடத்தில் இருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் எடுத்தால் போதும். "ரி பா, ரி பா" என்று இரண்டு வகுப்பு பழகியபின் "க பா" தானாகக் கூடிவரும். பஞ்சமத்தில் குழலை ஒற்றை விரல் தாங்குவதால் அது ஆடும். வலது கட்டைவிரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும்.

மந்திர தைவத பஞ்சமங்களைக் கடைசியாக வையுங்கள். மத்ய தைவதமும் தாரஸ்தாயி ஷட்ஜமும் அதற்கும் பிறகு. அவற்றுக்குக் கட்டைவிரல் துளையை முழுதும் திறக்காமல் நகக்கண் அளவு மட்டும் திறக்கவேண்டும். கட்டைவிரலை நகர்த்தாமல் கணுவை மடித்தால் நகநுனி துளைக்குள் இறங்கி அந்த இடைவெளி உண்டாகும். எல்லோரும் அதிகமாகத் திறப்பார்கள்; சுரம் காற்றோடு கரகரக்கும். மோகன கீதங்களை முழுதாக வாசிக்க இந்த மேல் சுரங்கள் தேவை என்பதால் கீதத்துக்கு அவசரப்படவேண்டாம்.

மோகனம் பழகியதும் பிலஹரி. ஆரோகணம் மோகனமே. அவரோகணத்தில்தான் நிஷாதமும் மத்யமமும் வந்து சேரும். மத்யமம் சி, எளிது. காகலி நிஷாதம் எஃப் ஷார்ப். 24பி வாங்கச் சொன்னதன் பலன் இங்கே கிடைக்கிறது. சங்கராபரணத்துக்கும் அதே கதை. 23 வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நிஷாதத்திலும் முட்டிக்கொள்வார்கள்.

கீச்சொலி ஏன் வருகிறது?

இந்தக் குழலைப் பற்றிய புகார்களில் பெரும்பங்கு இதுவே. பழி குழல்மேல் விழும், காரணம் பெரும்பாலும் விரல். ஷட்ஜம் கீச்சிட்டால் முதலில் பார்க்கவேண்டியது இடது மோதிரவிரல். குழந்தையை மூன்று எண்ணும்வரை சற்று அழுத்தி வைத்திருக்கச் சொல்லி, விரலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விரல் சதையில் துளையின் வட்டத் தடம் பதிந்திருக்கும். வட்டம் முழுமையாக இருந்தால் விரல் சரி, மூச்சைக் குறைக்கவேண்டும். ஒரு பக்கம் அறுந்த பிறைபோல இருந்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று கசிகிறது. குழந்தைகளுக்கு இந்தத் தடம் பார்க்கும் சோதனை மிகவும் பிடிக்கும்; சீக்கிரமே தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். விரல்நுனியால் குத்தி மூடாமல், முதல் கணுவின் சதைப்பற்றால் மூடவேண்டும். இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

வாசித்துப் பத்து நிமிடத்தில் ஒலி கம்மி அடைத்துக்கொண்டால் அது நீர். மூச்சின் ஈரம் குளிர்ந்த காற்றுப்பாதையில் துளியாகப் படிகிறது. மரக்குழல் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. இந்தக் குழலின் உண்மையான குறை இது, குறிப்பாக ஏசி அறையில். வாசிக்கும் முன் தலைப்பகுதியை இரண்டு நிமிடம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து வெதுவெதுப்பாக்கினால் பாதி குறையும். அடைத்தபின் சன்னலை விரலால் மேலாகப் பொத்தி ஒருமுறை வேகமாக ஊதினால் துளி வெளியேறும். கூர்விளிம்பில் மட்டும் விரலோ குச்சியோ படவே கூடாது. அது மழுங்கினால் குழலே போயிற்று. தொடர்ந்து அடைத்தால், பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து காற்றுப்பாதை வழியே விட்டு, அலசாமல் அப்படியே காயவிடுங்கள். நீர் துளியாகத் திரளாமல் படலமாக வழிந்துவிடும்.

கழுவுவது வாரம் ஒருமுறை, சோப்புக் கரைத்த தண்ணீரில். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் கோணிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் அதே ஆபத்துதான். ஒரு குழலை இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வேண்டாம். சளி, காய்ச்சல் எல்லாம் சேர்ந்தே பகிரப்படும். விலையும் அப்படி ஒன்றும் எட்டாததல்ல.

சத்தம், வயது, வரம்பு

சொப்ரானோ ரெக்கார்டரின் ஒலி கூர்மையானது. இருபது பிள்ளைகள், டைல்ஸ் போட்ட சிறிய அறை, திரைச்சீலைகூட இல்லை என்றால் ஆசிரியருக்கு மாலையில் தலைவலி நிச்சயம். ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட குழு நல்லது. பெரிய வகுப்பானால் பாதிப் பேர் வாசிக்க, மீதிப் பேர் குழலின் முனையை மோவாயில் வைத்துக்கொண்டு, விரலை மட்டும் நகர்த்திச் சுரத்தைப் பாடட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். விரலும் பழகும், காதும் பழகும், அறையும் அடங்கும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கும் இந்த மோவாய் வாசிப்பு கைகொடுக்கும். வீட்டில் தினம் பத்து நிமிடம் போதும். ஞாயிறன்று மட்டும் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதில் பயனில்லை.

வயது ஏழு, எட்டு சரியானது. அதற்குக் கீழே விரல் துளையை மூடாது. அந்த வயதுக்குப் பாட்டும் கைத்தாளமும்தான் பாடம். முன்பல் விழுந்த குழந்தைக்குத் தடையில்லை, குழலை உதடுதான் பிடிக்கிறது. பல்லால் கடிப்பவர்களைத்தான் கவனிக்கவேண்டும். முனையில் பல்தடம் விழுந்து காற்றுப்பாதையின் வாய் நசுங்கிய குழல்கள் பள்ளிகளில் ஏராளம்.

இதில் முடியாதவற்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மெதுவாக ஊதினால் சுருதி இறங்கும், பலமாக ஊதினால் ஏறும். அதனால் ஒலியைக் கூட்டிக் குறைத்து வாசிக்க இடம் மிகக் குறைவு. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். துளையின்மேல் விரலை வழுக்கி ஓரளவு அசைக்கலாமே தவிர, தோடியையோ பைரவியையோ இதில் தேடுவது வீண். கர்நாடக இசைதான் இலக்கு என்றால் இது ஒன்றிரண்டு ஆண்டுக்கான முதல் கருவி. மேற்கத்திய வழியில் போகிறவர்களுக்கு வரம்பு அவ்வளவு குறுகியதல்ல. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் ரெக்கார்டருக்குத் தனிப் பாடத்திட்டமே உண்டு. அதற்கும் பரோக் விரல்முறைதான் பாதுகாப்பு.

இதைவிட மலிவாகப் பொம்மைக் கடைகளில் கிடைக்கும் பெயரில்லாக் குழல்கள் வேண்டாம். வார்ப்பின் பிசிறு காற்றுப்பாதையிலேயே துருத்திக்கொண்டிருக்கும். கீழ் ஜி-க்கும் மேல் ஜி-க்கும் சுருதி ஒட்டாது. குழந்தை சரியாக விரல் வைத்தும் தவறாகக் கேட்டால், தன் காதையே சந்தேகிக்கத் தொடங்கிவிடும். மரக்குழலும் இப்போது வேண்டாம். அதற்கு எண்ணெய் பூசவேண்டும், புதிதில் நாளுக்குச் சில நிமிடம் மட்டும் வாசித்துப் பதப்படுத்தவேண்டும். குழந்தையின் பள்ளிப்பையில் அது பிழைக்காது.

பிறகு மூங்கில் குழலுக்கு மாறும் குழந்தைக்கு விரலமைப்பு அப்படியே பயன்படாது. அதில் கட்டைவிரல் துளை கிடையாது, குழலைக் குறுக்கே பிடிக்கவேண்டும், உதட்டைப் புதிதாக அமைக்கவேண்டும். துத்துகாரமும் மூச்சின் அளவும் தாளமும் கூடவே வரும். மாறும் சமயத்தில் ரெக்கார்டரைப் பிடுங்கிவிடாதீர்கள். புதுக் குழலில் நாதம் வரும்வரை தினமும் ஐந்து நிமிடம் பழைய மோகனத்தை இதிலேயே வாசிக்கட்டும்.